தாங்கலில் என் மகன் கழற்றாத பெல்ட்

அன்புக்கொடி மக்களே, என் மகனின் முதுகு மோசமானதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு நாம் வணங்கும் அய்யா செய்த நன்மையை மட்டும் சொல்ல என்னால் முடியாது.

கொட்டாரத்தில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறேன். மகன் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி நடந்தான். "ஏலே, நேரா நில்லு" என்று முதுகிலேயே அடித்தேன். முதுகெலும்பே வளைந்திருக்கிறது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிய அன்று என் கை எனக்கே அருவருப்பாக இருந்தது.

பிளாஸ்டிக்கில் பெல்ட் செய்து கொடுத்தார்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுக்கும். குளிக்கும்போது தவிரக் கழற்றக் கூடாது, வளைவு கூடினால் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

அய்யாவைக் கும்பிட நம் தாங்கலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தானே போகிறோம். பெல்ட்டை ஊர் பார்க்கும். எனக்கு வெட்கம். "வீட்டுலயே கழத்தி வச்சிட்டு வா" என்றேன். பிறகு கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான், கடைக்கும் அப்படித்தான்.

அடுத்த படத்தில் வளைவு கூடியிருந்தது. டாக்டர் திட்டினார். "நான்தான் கழத்திருவேன் சார்" என்று பழியை அவன் ஏற்றுக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தகப்பனாம்.

அன்று அய்யாவிடம் அழுதேன். ஆபரேஷன் வேண்டாம் என்று கேட்டேன். பெல்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பனியனையும் கழற்றி, வெறும் உடம்பில் பெல்ட்டை மாட்டி, தலைப்பாகையோடு தாங்கலுக்கு வந்தான். வாசலில் கையைப் பிடித்தேன். "கழத்துலே."

"சட்டையத்தானப்பா கழத்தணும். இது என் முதுகு."

பிடித்த கை தானாக விட்டுவிட்டது. உள்ளே என் மச்சினன், "மக்கா, கவசம் மாட்டிட்டு யார்கூட சண்டைக்குப் போற?" என்றான்.

"அப்பாகூட, மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். பணிவிடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அவன் நெற்றியில் நாமம் இட்டார். அவன் சிலைக்குப் பதிலாக இருக்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிட்டான். பின்னால் நின்ற எனக்கு அந்தக் கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் இல்லை. நான் கேட்டதற்கு அய்யா என் பிள்ளையின் வாயால் பதில் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு தினமும் காலையில் பெல்ட்டின் வாரை நானே இறுக்கி விடுகிறேன். போன மாதம் எடுத்த படத்தில் வளைவு அப்படியே நின்றிருக்கிறது. ஆபரேஷன் தேவையில்லை என்றார்கள். அய்யாவுக்கு நன்றி. கொஞ்சம் வளைவு இருக்கத்தான் செய்யும். இடுப்பில் தழும்பும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருந்தால் அய்யாவை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைப்போலக் குறுக்கே நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டோடேயே கூட்டி வாருங்கள். என் மகன் பக்கத்தில் இடம் இருக்கும்.