பருவெட்டான புள்ளி

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஆறாம் வகுப்பு முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, பத்தாவது முடித்து டைப்ரைட்டிங்கும் தேறியவள். ஆனாலும் எதையும் என்னைத்தான் வாசிக்கச் சொல்வாள். போடி பஸ் ஸ்டாண்டில் நின்றால், "அந்த வண்டி போர்டுல என்ன போட்டிருக்கு, வாசி பாப்போம்" என்பாள். என் படிப்பைச் சோதிக்கிறாள் என்று நினைத்து, மலைமேல் இருக்கிற குரங்கணி வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டுவேன்.

ஆகவே மாமா மதுரையிலிருந்து இரண்டு ஆங்கிலத் தாள்களோடு வந்து இறங்கியபோது, தீர்ப்புச் சொல்ல நான் தயாராகவே இருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டியவர். மதுரையில் யாரோ கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த மாதமே ஜீப்பை விற்றுவிட்டார். ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேருக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். போடியில் திறக்கப்போகிற கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்கு மாமா முதலாளி, அத்தை டைப் அடிப்பவள் என்பது ஏற்பாடு. அப்பா அரைமனதாகச் சம்மதித்து ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"தை வரைக்கும் பாப்பேன் மாப்ளே. கடை ஓடலைன்னா, வாசல்ல வந்து நிக்கிற மொத மாப்பிள்ளைக்கு இவளக் கட்டிக் குடுத்துருவேன்."

அந்தக் கடைக்கு அத்தை எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். பெட்டிக்குள் கிடந்த டைப்ரைட்டிங் சான்றிதழை எடுத்து, கசங்கல் போக நீவி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அன்று மத்தியானம் கூடத்தில் ஏலக்காய் குவிந்திருந்தது. அம்மாவும் அத்தையும் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒவ்வொரு காயையும் மூக்கருகே கொண்டுபோய்த்தான் போடுவாள். வாசம் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டோம். எங்கள் ஊரில் காயை மோந்து பார்க்காதவர் யார்?

மாமா விஷயத்தைச் சொன்னார். கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதற்குள் செருகுகிற ஒரு கார்டுதான் திரைக்குப் படம் அனுப்புகிறது. அந்தக் கார்டில் இரண்டு ரகம் இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். முதல் கார்டு திரையின் அகலத்தில் எழுநூற்று இருபது புள்ளி வைக்கும், ஆனால் ஒரே நிறம், பச்சை. இரண்டாவது நாலு நிறம் காட்டும், ஆனால் முந்நூற்று இருபது புள்ளிதான்.

"எழுநூத்தி இருபதுதான்ப்பா நல்லது," என்றேன். யோசிக்க அதில் என்ன இருக்கிறது?

அப்பாவுக்கும் அதுவே பிடித்தது, காரணம்தான் வேறு. "பச்சைன்னா சரிதான். நெறம் நின்ன காய்க்குத்தான வெலை," என்றார்.

மாமா அவசரப்படவில்லை. "ஆத்தா, எழுத்து எம்புட்டுப் பெருசாத் தெரியும்னு போட்டிருக்கா, பாரு," என்றார். பார்த்தேன். முதல் கார்டில் ஒரு வரிக்கு எண்பது எழுத்து. இரண்டாவதில் வேண்டுமானால் நாற்பதே எழுத்தாக, இரண்டு மடங்கு அகலமாக வைத்துக்கொள்ளலாம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும் என்று நையாண்டியும் செய்தேன். அத்தை காயைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மச்சான், ஒரு உழக்கு அளந்து எண்ணுறோம். ஒரு ரகத்துல எழுநூத்தி இருவது காய் நிக்கிது. இன்னொண்ணுல முந்நூத்தி இருவதுதான் நிக்கிது. எது ஒசத்தி?"

"இதென்ன கேள்வி? முந்நூத்தி இருவதுதான். பருவெட்டான காய்ல்ல அது, ஒவ்வொண்ணும் பெருசு பெருசா."

"அம்புட்டுத்தான் மச்சான் இதுவும்."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. ஏலக் கூடத்தில் இத்தனை வருஷம் காயைப் பார்த்து ஏமாறாத மனுஷன், புள்ளியைப் பார்த்து ஏமாந்து உட்கார்ந்திருந்தார். புள்ளி என்றால் காய் இல்லை, பொடியாக நிறைய இருந்தால்தான் படம் தெளிவாக இருக்கும் என்று கத்திப் பார்த்தேன். அம்மா என்னைக் காப்பி போட அனுப்பிவிட்டாள். அடுப்படியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜீப்பும் போயிற்று, இனி அத்தையும் போய்விடுவாள், எல்லாம் ஒரு உழக்கு ஏலக்காயால்.

கம்ப்யூட்டர் வந்தது. நீலத் திரையில் மஞ்சள் எழுத்து, கடைப் பலகையில் எழுதின மாதிரி பருத்துக் கிடந்தது. ஒருவருடைய ஜாதகத்தைப் பார்த்து முடிக்க திரையில் நாலு தடவை பக்கத்தைத் தள்ள வேண்டியிருந்தது. ஆனால் அத்தை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, திரையில் இருந்ததைத் தானே கடகடவென்று வாசித்தாள். என்னைக் கூப்பிடவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெஞ்சில் காத்திருந்தவர்கள், தங்கள் பெயர் கொட்டை எழுத்தில் வருவதை அங்கிருந்தே கண்டு வாயைப் பிளந்தார்கள். கேரளத்துப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் ஜீப் பிடித்து வந்தார்கள். தை வந்தது, போனது, அப்பா மாப்பிள்ளைப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் மாமாவுக்கே அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். மறுவீட்டுக்கு வந்தபோது அத்தையின் முகத்தில் ஒரு கண்ணாடி இருந்தது, சோடா பாட்டில் அடியின் கனத்தில். கண்ணாடி போட்ட பெண்ணென்றால் பார்க்க வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோகிற காலம் அது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதிலிருந்து பார்வை மங்கல் என்று அம்மா கேட்டதற்கு, "இவ வயசுலருந்தே மதினி," என்று அத்தை என்னைக் காட்டினாள்.

"ஒனக்கு எப்பத்தான்டா தெரியும்?" என்று அம்மா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜீப்பு ஓட்டுனப்பவே தெரியும்க்கா. எல்லாரும் தூரத்துல வர்றப்பவே கையக் காட்டுவாங்க. இவ மட்டும் வண்டி பக்கத்துல வந்து நின்ன பொறகுதான் நிமிந்து பாப்பா."

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

"அதான் இப்பக் கண்ணாடி போட்டாச்சுல்ல மாமா, இனிமே அந்த எழுநூத்தி இருபது புள்ளிக் கார்டையே வாங்கிரலாம்ல?"

மாமா சிரித்தார். அத்தையும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். புதுக் கண்ணாடியை எதற்கு இவ்வளவு நேரம் துடைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு விஷயத்தில் மாமா ஏமாந்துதான் போனார் என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமே இருக்கவில்லை.