உழாமல் விட்ட வட்டம்

என் தம்பி பிறந்த வருடம் அப்பா தம்பலகாமத்தில் ஒரு மேய்ச்சல் தரையை உழுது வயலாக்கிக்கொண்டிருந்தார். தரையும் உழவு இயந்திரமும் முதலாளியுடையவை. ஓட்டும் கை மட்டும் அப்பாவுடையது.

ஒரு நாள் நான் சோறு கொண்டுபோனபோது இயந்திரம் நின்றிருந்தது. சில்லுக்கு முன்னால், வெறும் தரையில், மண் நிறத்திலேயே நான்கு முட்டைகள். கண்ணோரம் மஞ்சள் தோல் தொங்கும் ஆட்காட்டி ஒன்று, இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து அப்பாவைத் தூரத்துக்கு இழுக்கப் பார்த்தது.

ஆட்காட்டி முட்டையை உழுதவன் வீட்டில் தொட்டில் ஆடாது என்பார்கள். அம்மா நிறைமாதம். எனக்கு அடுத்துப் பிறந்த பிள்ளை பிறந்த அன்றே இறந்திருந்தது. அப்பா முட்டைகளைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு உழுதார்.

கூட வந்திருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன மச்சான், குருவிக்குக் காணி பிரிச்சுக் குடுக்கிறியளோ? காணி உறுதி எப்ப எழுதி முடிக்கிறது?"

"பகிடிய விட்டிட்டுத் தள்ளி நில்லடா. உன்ர அக்காவுக்காகத்தான் செய்யிறன்."

அப்பா பறவையைக் காப்பாற்றினார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

தம்பி சுகமாகப் பிறந்தான். அதே கிழமை வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள். வட்டம் கறுத்த சேற்றுக்கு நடுவே தீவானது. குஞ்சுகளும் பொரித்தன. ஆட்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றே நடக்கும். தாய் கத்தினால் அசையாமல் படுத்துவிடும். காய்ந்த தரையில் படுத்தால் கண்ணுக்குத் தெரியாது. இதையெல்லாம் நான் பிறகு பல்கலைக்கழகத்தில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியேறிய முதல் ஆள் நான்தான்.

சேற்றில் இறங்கிய குஞ்சுகள் வெளிறித் தெரிந்தன. வரம்பில் காகங்கள் காத்திருந்தன. தாய் கத்தியது, குஞ்சுகள் சொல் கேட்டுப் படுத்தன. காகங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கின. நான் எறிந்த கல் எதுவும் எட்டவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா தம்பியை இறுக அணைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"முட்டைய நான் உழேல்லை," என்றார் அப்பா.

ஆட்காட்டி சில நாட்கள் வயலுக்கு மேல் கத்திப் பறந்தது. பிறகு காணவில்லை. அடுத்த தரைக்குப் போயிருக்கும், அங்கே திரும்ப முட்டையிடும் என்று நானே முடிவுசெய்து நிம்மதியானேன். அப்பா அப்போது உழத் தொடங்கியிருந்தது அந்த அடுத்த தரையைத்தான். அங்கே அவருக்குச் சோறு கொண்டுபோனதும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.