ஒற்றைக் கம்மல் பேச்சியக்கா

போனை எடுக்கும் முன் பேச்சியக்கா வலது காதுக் கம்மலைக் கழற்றுகிறார். கழற்றியதைச் சாயா கிளாஸை மூடும் எவர்சில்வர் மூடிக்குள் போடுகிறார். கம்மல் ஒரு பக்கம், திருகாணி ஒரு பக்கம். “போன் காதுல அமர்ந்தா கம்மல் குத்தும் சாரே, பின்னே ராத்திரி வரைக்கும் காது வேதனிக்கும்” என்பது விளக்கம். இதற்காகவே ஆபீஸில் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தார்கள். அது தலையில் வைத்த பூவை நசுக்குகிறதாம். ஆறு மாதமாக டப்பாவுக்குள் சமர்த்தாக இருக்கிறது.

அடுத்தது தும்மல். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியில்தான் ஆபீஸ். வாடகை குறைவு, மூக்குக்குத்தான் செலவு அதிகம். எதிர்முனையில் யார் ஹலோ சொன்னாலும் அக்காவின் முதல் பதில் மூன்று தும்மல். பல வீடுகளில் அவர் எண்ணைத் ‘தும்முற அக்கா’ என்றே பதிந்து வைத்திருக்கிறார்கள். இதை அவரே பெருமையாகச் சொன்னார்.

மூன்று ஆஸ்பத்திரிகளும் காக்கநாட்டில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்தும் வேலை இது. புற்றுநோய்க்கு மருந்து தொடங்கிய குழந்தைகளில் சிலர் பாதியில் வராமல் போய்விடுகிறார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். முடிந்தால் திரும்பக் கூட்டி வர வேண்டும். முதல் பாதி ஆராய்ச்சிக்காரர்களுக்கு, இரண்டாம் பாதி டாக்டர்களுக்கு. கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாம் பேச்சியக்கா பொறுப்பு. அதற்கு முன் பதினோரு வருடம் குழந்தைகள் வார்டில் அட்டெண்டராக இருந்தவர்.

பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாம் மட்டாஞ்சேரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அதனால் தமிழில் கேட்பதை மலையாள எழுத்தில் எழுதுகிறார். அந்த நோட்டை மலையாளிகள் வாசிக்கலாம், புரியாது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புரியும், வாசிக்க முடியாது. அதைப் பூட்டி வைக்க வேண்டிய அவசியமே ஆபீஸுக்கு ஏற்பட்டதில்லை.

நான் அங்கே போனது கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுக்க. “சிகிச்சையைத் தொடராமைக்கான முதன்மைக் காரணம் யாது?” என்று ஒரு கேள்வி. எழுதியபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. நான் வாசிக்க வாசிக்க அக்கா தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, “சாரே, இந்த யாது எந்த வீட்டுக்காரன்?” என்று கேட்டார்.

கேள்வியை ஒரு சொல் மாற்றாமல் கேட்க வேண்டும் என்பது ஆராய்ச்சி விதி. எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்டால்தான் பதில்களை ஒப்பிட முடியும். அக்கா விதியை மதிக்கிறார், ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. கேள்விக்கு முன்னால் இருபது நிமிடம் பேசிக்கொள்கிறார், அவ்வளவுதான். “என்ன கறி வெச்சே மோளே?” என்றுதான் தொடக்கம். கொச்சியில் கறி என்றால் குழம்பு. அது தெரியாத தமிழ்நாட்டுப் பெண்கள் “கறி எங்கக்கா எடுக்க, ரசந்தான்” என்று அலுத்துக்கொள்ள, பேச்சு அங்கிருந்து பிடித்துக்கொள்ளும்.

போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. அதைக் கேட்க வேண்டியவர் காக்கநாட்டு ஆராய்ச்சியாளர் டாக்டர் சுபாஷிணி. மதுரைக்காரர், முப்பது வயது இருக்கும். பாவம்.

“அக்கா, கேள்வி மூணு நிமிஷம், கறி இருபது நிமிஷம். நான் எதை ஆராய்ச்சி பண்றது?”

“கறியப் பண்ணு மோளே. காரியமெல்லாம் அதிலதான் உண்டு.”

போன மழைக்காலத்தில் காளியம்மையின் பெயர் பட்டியலில் வந்தது. பள்ளுருத்தியில் வாடகைக்கு இருந்த கொத்தனாரின் மனைவி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மகள் கங்காவுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். முதல் கட்ட மருந்தில் குழந்தை நன்றாகத் தேறியிருந்தது. அதன் பிறகு இரண்டு திங்கட்கிழமை ஊசிக்கு வரவில்லை. பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும். திரும்பி வந்தால் அடக்குவது கடினம். அக்கா கம்மலைக் கழற்றினார்.

“ஊசிக்கு ஏன் வரல மோளே?”

“நோய் மாறிட்டுன்னு நர்சம்மா சொல்லிட்டாவல்லாக்கா. அதான் ஊருக்கு வந்துட்டோம்.”

“மாறியல்லோ, நல்ல காரியம். எனக்கு சந்தோஷமாயி, கேட்டோ. ஆனா மருந்து…”

அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. ஒன்பது தடவை போட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் சுபாஷிணி காக்கநாட்டிலிருந்து நேரே வந்து இறங்கினார், கையில் பதிவோடு.

“அக்கா, நோய் மாறிருச்சுன்னு அந்தப் பொண்ணு அழுகுது. நீங்க எதுக்குச் சந்தோஷப்படுறீங்க?”

“அசுகம் மாறினா சந்தோஷமில்லியா? அவளும் சந்தோஷத்தில அழுது கரையறான்னு நெனச்சேன்.”

“வேற நோயா மாறினா என்னக்கா சந்தோஷம்?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையாளத்தில் நோய் மாறியது என்றால் நோய் போய்விட்டது. நர்ஸ் சொன்னது அதைத்தான். காளியம்மைக்குக் கேட்டது, ஒரு நோய் இன்னொரு நோயாக மாறிவிட்டது என்று. ஒன்றுக்கே இத்தனை ஊசி, இனி இன்னொன்றுக்கும் பிள்ளையைக் குத்தக் கொடுக்க வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த லட்சணத்தில் ஆஸ்பத்திரிக்காரி ஒருத்தி போன் செய்து சந்தோஷமும் பட்டிருக்கிறாள். தமிழில் கேள்வி எழுதிய மேதாவி நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் விவரம் கேட்டு சுபாஷிணி வாசகம் சொன்னார், அக்கா பேசி, ஆபீஸ் விலாசத்தோடு வாட்ஸப்பில் அனுப்பினார். “காளியம்மே, வேற நோய் ஒண்ணும் வரல. ரத்தத்துல நோயக் காணல. அது திரும்ப வராம இருக்கத்தான் ஊசி. இன்னும் ரெண்டு வருஷம் போடணும். நான் சொன்னது உனக்குத் தப்பா கேட்டுது, மன்னிச்சுக்கோ மோளே.” கடைசி வரி வாசகத்தில் இல்லை, அக்கா சேர்த்தது. முன்னால் விழுந்த மூன்று தும்மலை அழிக்கச் சொல்லி சுபாஷிணியும் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று நாள் அக்கா கம்மலைத் திரும்பப் போடவில்லை. எந்த நிமிடம் அழைப்பு வருமோ என்று மூடிக்குள்ளேயே கிடந்தது. வலது காது மூளியாகவே பஸ்ஸில் போனார், மீன் வாங்கினார், கல்யாண வீடு ஒன்றுக்கும் போய் வந்தார். யாரிடமும் கறி விசாரிக்கவில்லை. “என் நாக்குதான் சாரே. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் பின்னே எதுக்குப் பேசணும்” என்றார் ஒரு தடவை. எனக்கு அப்போது கிண்டல் ஒன்றும் வரவில்லை.

காத்திருந்த நாட்களில் கேள்வித்தாளும் மாறியது. தமிழ் அர்த்தத்தில் சொல்கிறேன். என் ‘யாது’ ஒழிந்தது. “ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்” என்று சுபாஷிணி ஒன்றைச் சேர்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கேள்வியாக, “இன்னைக்கு என்ன குழம்பு?” நேரில் வரும் தமிழ்க் குடும்பங்களிடம் மூன்று ஆஸ்பத்திரிக்காரர்களும் அதை ஒரு சொல் மாற்றாமல் கேட்க வேண்டும். அக்காவுக்கு இதில் திருப்தி இல்லை. “எழுதி வெச்சு வாயிச்சா யாரு மோளே உள்ளதச் சொல்லுவா” என்றார், சுரத்தில்லாமல்.

நாலாம் நாள் காலை மாடிப்படியில் காலடிச் சத்தம். மூட்டை தூக்குகிறவர்கள் அவ்வளவு மெதுவாக ஏறமாட்டார்கள். வாசலில் தோள் பையோடு ஒரு பெண். அவள் சேலையைப் பிடித்தபடி, துணித் தொப்பி போட்ட ஒரு சிறுமி. யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். அக்காவும் யாரோ எவரோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். போனில் கேட்ட குரலுக்கு அவர் முகம் கண்டதில்லை.

அப்போதுதான் தும்மல் வந்தது. மூன்று.

“எம்மா, தும்முற அக்கா” என்றாள் சிறுமி.

காளியம்மை உள்ளே வந்தாள். “ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்க்கா. போறதுக்கு முந்தி ஒங்க வாயால ஒருக்கா கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்.”

“நோயக் காணல மோளே” என்றார் அக்கா. “சத்தியமா காணல.”

பிறகு மூடிக்குள்ளிருந்து கம்மலை எடுத்தார். காதில் செருகிவிட்டார்; திருகாணிதான் ஏறவில்லை. இரண்டு தடவை நழுவி மேஜையில் விழுந்தது. கங்கா கையை நீட்டினாள். பேச்சியக்கா திருகாணியை அந்த உள்ளங்கையில் வைத்துவிட்டு, குனிந்து காதைக் கொடுத்தார்.