தாழக் கட்டிய குண்டு பல்பு

வீரபத்திரனை லேசுப்பட்ட ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. திருப்புட்குழியில் அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கிய குடும்பம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், வயர்மேனாக ஏணி தூக்கியே பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தமாக எலக்ட்ரிக் கடை போட்டான். "நெசவுத் தெருவுல எரியற வெளக்கெல்லாம் என் கை பட்டதுதாம்பா" என்பான். பொய்யில்லை. அத்தனை தறி வீட்டுக்கும் வயர் இழுத்தவன் அவன்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் சென்னைக் கம்பெனி ஒன்று, கரண்டை அளவாகக் குடிக்கும் சுருள் பல்பை ஊர் ஊராக இறக்கியது. எங்கே அது நன்றாகப் பிடிக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, பிடித்த ஊரில் ஒரு கடைக்காரருக்கு ஏஜென்சி தருவார்களாம். காஞ்சிபுரத்து ஏஜென்சி என்றால் வாலாஜாபாத் வரைக்கும் வியாபாரம். வீரபத்திரனுக்குத் தூக்கம் போயிற்று. எதிர்க்கடை சபாபதி இன்னமும் அவனை 'ஏய் ஏணி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏஜென்சி வந்துவிட்டால் அந்த வாய் அடைபடும்.

சித்திரை வெயிலில் ஒரு வீடு விடாமல் ஏறினான். தறி ஓரம் தொங்கிய குண்டு பல்புகளைக் கழற்றிப் புதுசை மாட்டினான். பழசையெல்லாம் கோணியில் போட்டு உடைத்தான். பட்டு நெய்கிற ஜெயம்மாள் மட்டும் தயங்கினாள்.

"அது கெடக்கட்டும் வீரா. மழைக்கு வேணும்."

"இன்னாக்கா நீ! மழ இருட்டுக்கும் இதுவே பளிச்சுனு எரியும். வீரபத்திரன் சொல்றேன்ல?"

கம்பெனியிலிருந்து கணக்கெடுக்க வந்த சுகாசினி தெருவைச் சுற்றிவிட்டு, "உங்க ஊர்தாண்ணே முன்னால நிக்குது. ஐப்பசியில இன்னொரு தபா வந்து பாப்பேன். அதுக்கப்புறம்தான் முடிவு" என்றாள்.

"ஐப்பசி இன்னாமா, மார்கழியிலயும் வா!"

அன்று சாயங்காலமே கடை வாசலில் போர்டு ஏறியது: 'இங்கே குண்டு பல்பு விற்கப்படமாட்டாது.'

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது. மறுபடி வந்த சுகாசினிக்குக் குடை பிடித்துத் தானே கூட்டிப்போனான். முதல் வீடு ஜெயம்மாள் வீடு. தறிக்குழிக்குப் பக்கத்தில், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலை ஒட்டினாற்போல், மஞ்சளாக ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். அவன் மாட்டிய பல்புகள் பழந்துணி சுற்றிப் பரணில் கிடந்தன.

"இன்னாக்கா இது? எங்க வாங்கின?"

"சபாபதி கடையில." ஜெயம்மாள் கை நெசவை விடவில்லை. "குழியில ஈரம் ஏறுனா பாவு நமுத்துப்போய் இழ இழையா அறுந்துக்கினே இருக்கும். இந்தச் சூட்டுலதான்டா காயுது. உன் பல்புல சூடு ஏது?"

அந்தக் குண்டு பல்புகளை வருஷக்கணக்காகத் தாழக் கட்டிக் கொடுத்தவனே வீரபத்திரன்தான். இழை தெரிவதற்கு என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். எதற்கு இவ்வளவு தாழ என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"நான் எவ்ளோ வித்துருக்கேன்னு கடைக்கு வந்து பாரும்மா" என்றான் சுகாசினியிடம். குரல் கெஞ்சியது.

"வித்தத எண்றதுக்கு நான் வரலண்ணே. எரியறததான் எண்ணணும்." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

ஏஜென்சி வேறு ஊருக்குப் போயிற்று. அவன் இறக்கி வைத்த பெட்டிகள் கடையை அடைத்துக்கொண்டு நின்றன.

மழை விடாத ஒரு நாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெயம்மாள் ஓடி வந்தாள். "வீரா, வயர் அறுந்து பல்பும் பியூஸ் போச்சு. சபாபதி கிட்ட போனா வயர் பாக்க ஆள் இல்லன்றாரு. நீ வாடா."

ஏணியை எடுத்தான். கடையில் குண்டு பல்பு இல்லை. தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனான்.

"இன்னா ஏணி?"

"குண்டு பல்பு ஒண்ணு."

"நீதான் விக்கமாட்டேன்னு போர்டு மாட்டிக்கினு கீறியே!" சபாபதி வயிறு குலுங்கச் சிரித்தார். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வீரபத்திரன் பல்பை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

தறிக்குழி ஓரம் வயரைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ தாழக்கா?" என்று கேட்டான்.

ஜெயம்மாள் கையால் உயரத்தைக் காட்டினாள். கட்டினான். எரிந்தது. அவள் நெய்ய உட்கார்ந்துவிட்டாள். அவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான்.