பெரியம்மாவின் மாடுகள் மலையிறங்கிய நாள்

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் டிவி கொண்டுவருவார்கள், போர்வை கொண்டுவருவார்கள். அம்மாவின் தம்பியான என் மாமா ஓர் இரும்பு அச்சையும் இரண்டு சக்கரங்களையும் கப்பலில் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். அங்கே டிரெய்லர் பட்டறையில் வேலை பார்த்தவர். நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் வைத்தே அந்த அச்சின் மேல் சட்டம் அடித்து, பலகை போட்டு, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் ஒன்றைச் செய்து முடித்தார். அதன் பெருமையே பிரேக்கில்தான் என்பார். சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஜீப்பிலிருந்து கரண்டு போனால் அது டிரம்மில் ஒட்டிக்கொண்டு பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்த சின்னப் பெட்டியின் குமிழைத் தள்ளினாலே போதும். "நீ தள்ளினாக்கூட நிக்கும் கண்ணு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அந்த டிரெய்லர் முதன்முதலாக வெளியூர் போனது மறையூருக்கு. என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, அங்கே கரும்பும் வெல்லம் காய்ச்சும் ஆலையும் இருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளையும் அவளுடைய இரண்டு பசுக்களையும் கூட்டிவரப் போகிறோம் என்றாள் அம்மா. அங்கேயே ஒரு லாரியைப் பிடித்து ஏற்றிவிடச் சொல்லலாமே என்று அப்பா கேட்டார். "மச்சானைப் பகைச்சுட்டு அந்த ஊர்ல யாருங்க வண்டி குடுப்பாங்க?" என்றாள் அம்மா. பெரியவர்கள் எதற்கெல்லாமோ பகைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, மேலே கேட்கத் தோன்றவில்லை. அறுப்பு நேரம் என்பதால் அப்பா வரவில்லை. ஜீப்பை அம்மாவே ஓட்டினாள், மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

உடுமலை தாண்டி, சின்னாறு வழியாக மலையேறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. வெறும் டிரெய்லர் சமர்த்தாகப் பின்னால் வந்தது. மறையூர் வீட்டில் பெரியம்மா ஒரு பையோடு வாசலில் நின்றிருந்தாள். மாடுகளை ஏற்ற அந்த வீட்டு ஆட்கள் ஒருவரும் வரவில்லை. பெரியப்பா ஆலைக் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா ஜீப்பின் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் கதவைப் பூட்டிக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டாள். வெயிலில் எனக்குப் புழுங்கியது.

ஊரைத் தாண்டிச் சந்தனக் காட்டின் கம்பிவேலி ஓரமாகச் சாலை இறங்கத் தொடங்கியதும் டிரெய்லர் எங்களைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. அம்மா கியரைக் குறைத்தாள். மாமா எட்டிக் குமிழைத் தள்ளினார். மறுபடி தள்ளினார். எதுவும் நிற்கவில்லை. அம்மா முதல் கியரில், ஜீப்பின் பிரேக்கை மிதித்து மிதித்து, சாலை அகன்றிருந்த ஒரு சமதரையில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. மாமா குதித்து இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.

"என்னடா ஆச்சு?"

"தெரியலைக்கா. ஊட்ல நல்லாத்தான் பிடிச்சுது."

"தெரியலைன்னா பாரு. மேல ஏறப் போறதில்லை, பிரேக் இல்லாம எறங்கவும் போறதில்லை."

மாமா இரண்டு ஒயர் கட்டிய ஒரு பல்பை எடுத்தார். என்னை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, சொல்லும்போதெல்லாம் குமிழைத் தள்ளச் சொன்னார். ஜீப்பின் பின்பக்கம் டிரெய்லருக்கு ஒயர் போகிற இடத்தில் பல்பு பளிச்சென்று எரிந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது மின்மினி மாதிரி மினுங்கியது. கரண்டு பாதி வழியில் எங்கே தொலைகிறது என்று மாமா ஒயரைத் தடவிக்கொண்டே போனார், வந்தார்.

அப்போதுதான் பெரியப்பாவின் பைக் வந்து நின்றது. இறங்கியதும் என் கையில் ஓர் உருண்டை வெல்லம் கொடுத்தார். காய்ச்சின மணம் இன்னும் போகாத வெல்லம். அம்மாவிடம் நிதானமாகத்தான் பேசினார்.

"வண்டி நகராது போலருக்கே. வீட்டுக்கு வாங்க. காலைல மூணாறுலருந்து ஆளை வரச் சொல்றேன்."

"வேண்டாமுங்க மச்சான். நாங்களே பாத்துக்கறோம்."

"பொழுது சாஞ்சா யானை எறங்கும். ஒரு ராத்திரிதானே?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்த வீட்டில் வெல்லப்பாகு குடிக்கலாம் என்ற ஆசையும் இருந்தது. அம்மா டிரெய்லரின் பின்பக்கம் போனாள்.

"ஏன்டா, பின்னால இருக்கற லைட்டும் மங்கலாத்தானே எரியுது? பிரேக்குக்கு மட்டும் கரண்டு கொறையலையே?"

மாமா எழுந்து வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. டிரெய்லருக்குப் போகிற கரண்டு திரும்பி வருவதற்கான எர்த் ஒயரை, சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருந்தார். கிளம்புவதற்கு முன் அழகுக்காகச் சட்டம் முழுக்க நீலப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டையும் முடுக்கிவிட்டிருந்தார். நடுவிலிருந்த பெயின்ட் கரண்டை மறித்திருந்தது. பெயின்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு ஒயரை இறுக்கினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"போலாங்க்கா."

"சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பாத்துட்டுப் போலாம்."

அதற்கு மாடுகளை இறக்க வேண்டியிருந்தது. அவை அம்மாவுக்கு அடங்கவில்லை. பெரியம்மா பூட்டிய கதவைத் திறந்து இறங்கி வந்தாள். அவள் தொட்டதும் இரண்டும் பேசாமல் இறங்கின. கயிறுகளைப் பிடித்தபடி சாலையோரம் நின்றாள். மாமா ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். நான் குமிழைத் தள்ளியதும் நறுக்கென்று நின்றது. வலது சக்கரம் நான் எவ்வளவு தள்ளியும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு பிடிக்குது. மெதுவா எறங்கிரலாம்" என்றார் மாமா.

"வளைவுல ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகாதா?"

மாமா தலையைச் சொறிந்தார். "போகும். டிரம்மைக் கழட்டணும்க்கா. நேரமாயிரும். அவங்க சொல்றாப்ல ஒரு ராத்திரி…"

"ஒரு ராத்திரியும் வேண்டாம். கழட்டு."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமா வலது சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அம்மா பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

பெரியப்பா தள்ளி நின்றே பேசினார். "ஊர் சிரிக்கும். கயித்தக் குடுத்துட்டு பைக்ல ஏறு."

பெரியம்மா கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "இது என்ற மாடுங்க. நான் வரலீங்க" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், பசுவிடம் சொல்கிறாளோ என்று நினைத்தேன்.

டிரம்மைக் கழற்றியதும் தப்பு கண்ணுக்குத் தெரிந்தது. காந்தத்துக்குப் போகிற ஒயர் உரசி உரசி அறுந்திருந்தது. மாமா முனைகளைச் சீவி முறுக்கி, டேப் சுற்றி, உரசாதபடி கட்டினார். "இப்பத் தள்ளு கண்ணு." தள்ளினேன். அவர் கையிலிருந்த ஸ்பானர் டப்பென்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. விட்டேன், விழுந்தது. போதும் என்று அம்மா சொல்லும்வரை தள்ளித் தள்ளி விளையாடினேன்.

டிரம்மை மாட்டி மறுபடி சுழற்றியபோது வலது சக்கரமும் நின்றது. மாடுகளைப் பெரியம்மாவே ஏற்றினாள். வெயில் மலைக்கு மேலே போயிருந்தது. அம்மா சரிவில் இறக்கிப் பிரேக்கை மெல்ல மிதித்தாள், மாமா குமிழைத் தள்ளினார். டிரெய்லர் எங்களைத் தள்ளவில்லை. பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து நிறுத்துவது போல அடக்கமாக நின்றது. பெரியப்பாவின் பைக் சில வளைவுகள் வரை பின்னால் வந்தது. அப்புறம் காணவில்லை. பாவம், வழியனுப்பத்தான் அவ்வளவு தூரம் வந்தார் என்று நினைத்துக் கையசைத்தேன்.

மறுநாள் பெரியம்மா தூங்கிக்கொண்டே இருந்தாள். அவள் மாடுகளை அம்மாதான் கறந்தாள். மத்தியானச் சோறு ஆறிப்போனது. அப்பாகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் நடந்தார். எழுப்பட்டுமா என்று கேட்டேன்.

"தூங்கட்டும் உடு சாமி. எத்தனை நாளாச்சோ" என்றாள் அம்மா.

அவ்வளவு தூரம் ஜீப்பில் வந்த களைப்பு என்றுதான் நான் நினைத்தேன்.