எல்லாம் நரம்புதான்

கறிக்கடை மாமாவுக்கு, கத்திக்கு அடங்காத வெள்ளை எதுவானாலும் நரம்புதான். ஒருநாள் காலையில் வெட்டுக்கட்டை யாருக்கு என்று தொடங்கிய வாய்த்தகராறு முற்றி, கூடவே தொழில் பார்த்த தம்பி அவர் மணிக்கட்டில் கத்தியை இறக்கிவிட்டான்.

தையல் போட்ட டாக்டரிடம், "நரம்பெல்லாம் ஒட்டிருமா?" என்று கேட்டார் மாமா.

"விரலை இழுக்கிறது தசைநாண். அது ஒட்டிரும். தொட்டா தெரியுதே, அதுக்குத்தான் நரம்பு. அது சந்தேகம்தான்."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"தப்பில்ல. நரம்பு செல்லுக்கு நியூரான்னு பேரு. பழைய கிரேக்கச் சொல்லு. அவங்களும் தசைநாணு, வில்லு நாணு எல்லாத்துக்கும் அதையேதான் சொன்னாங்க."

ஆறு மாதத்தில் விரல்கள் மடங்கின. மாமா நேரே கடைக்குப் போனார். தம்பியைச் சுவரோடு சாய்த்து, அந்தக் கையையே அவன் வாய்க்குள் விட்டுத் தாடையைப் பிடித்து இழுத்தார். மாமாவின் ஆள்காட்டி விரலை அவன் கடித்தான். பல் எலும்பில் உரசிய சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. இருவர் சட்டையிலும் ரத்தம் வழிந்தது. மாமா முகம் சுளிக்கவில்லை.

"நல்லாக் கடிடா," என்றார். "நீ அறுத்ததுல நாண் மட்டும்தான் ஒட்டுச்சு."