அண்ணன் நடந்த டிவிடி

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே கம்ப்யூட்டர் மேதை நான்தான். பட்டம் நானே கொடுத்துக்கொண்டது. பிரான்சிலிருந்து அண்ணன் அனுப்பும் டிவிடிகளில் நாட்டுப் பூட்டு உண்டு; நம் ஊர் பிளேயரில் ஓடாது. அதனால் கம்ப்யூட்டரின் டிவிடி செட்டிங்கில் நாட்டைப் பிரான்ஸ் என்று மாற்றிப் பார்ப்பேன். தமிழ்ப் படம் போட மறுபடி இந்தியாவுக்கு மாற்றுவேன். ‘இன்னும் ஒருமுறைதான் மாற்றலாம்’ என்று எச்சரிக்கை வந்தபோதும், சும்மா பயமுறுத்துகிறது என்று சிரித்துக்கொண்டே இந்தியாவை அழுத்தினேன்.

அடுத்து வந்த டிவிடியில், ஒரு பிரெஞ்சுப் படத்தில் அண்ணனே ஓட்டல் சர்வராகச் சில நொடி வருகிறான். ஒன்பது வருடமாக அவனை நேரில் பார்க்காத அம்மா, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இனி நாட்டை மாற்றவே முடியாது என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது.

“போன்ல மூஞ்சிதான்டா தெரியுது. அவன் நடக்கறத பாக்கணும்.”

“அடுத்த வாரம் வேற பிளேயர் வாங்கிடறேம்மா. அதுவரைக்கும் என்னைப் பாரு” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு இடுப்பை ஆட்டி நடந்தேன்.

“போடா கழுத! எம்புள்ள அப்படியா நடப்பான்?” கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நான்காம் நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்த அண்ணன், எல்லா நாட்டு டிவிடியும் ஓடும் பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தான். படத்தில் காபித் தட்டோடு நாலே எட்டு நடந்தான். அப்படியே எங்கள் அப்பாவின் நடை.

இப்போதெல்லாம் எந்த எச்சரிக்கையையும் முழுதாகப் படிக்கிறேன். யாராவது ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றால் அன்றைக்கே காட்டிவிடுகிறேன். என் வேடிக்கையெல்லாம் அதற்கப்புறம்தான்.